பழைய பாட்டு, பழைய குழு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் பழைய பாட்டுக் கேட்கும் கூட்டம் ஒன்றை நடத்தி வருகிறேன். கூட்டத்தில் யாரும் கை தூக்குவதில்லை. முடிந்து நாற்காலி அடுக்கும்போதுதான் ஒவ்வொருவராகப் பக்கத்தில் வந்து கேட்பார்கள். கேள்விகள் பெரும்பாலும் அதே கேள்விகள். அவரவர் கேட்ட மாதிரியே எழுதி, தெரிந்த பதிலைக் கீழே போட்டிருக்கிறேன்.

பழைய பாட்டுன்னா எந்த வருஷம் வரைக்கும் அண்ணே?

உங்கள் வயதைப் பொறுத்தது. எழுபதைத் தாண்டியவர்களுக்கு விஸ்வநாதன்-ராமமூர்த்தி. அதற்கு அடுத்தவர்களுக்கு 1976-ல் ‘அன்னக்கிளி’யோடு வந்த இளையராஜா. ‘ரோஜா’ 1992-ல் வந்தது. அதைப் பள்ளிச் சீருடையோடு கேட்டவர்களுக்கும் இப்போது நரைத்துவிட்டது, அவர்களும் ‘அந்தக் காலத்துப் பாட்டு’ என்றுதான் சொல்கிறார்கள்.

கூட்டத்துக்கு ஒரு கணக்கு வேண்டும் என்பதால் கேசட் காலம் முடியும்வரை என்று வைத்திருக்கிறோம். இசைத்தட்டு, கேசட் இரண்டிலும் யார் பாடியது, யார் எழுதியது, எந்த நிறுவனம் என்று அட்டையிலேயே அச்சாகியிருக்கும். அதற்குப் பிறகு பாட்டு கைப்பேசிக்குப் போய்விட்டது, அட்டை போய்விட்டது.

சிங்கப்பூர்த் தமிழ்ப் பாட்டுன்னு தனியா ஒண்ணு இருந்துச்சா? எல்லாமே மெட்ராஸ்ல இருந்து வந்ததுதானே?

கேட்டதில் பெரும்பகுதி மெட்ராஸ்தான். இசைத்தட்டும் படச்சுருளும் கப்பலில் வந்தன. படம் இங்கே டைமண்ட் திரையரங்கிலோ ஹாலிவுட் திரையரங்கிலோ ஓடும். பாட்டுப் புத்தகத்தை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவார்கள். அதை யாரும் மறுக்க முடியாது.

ஆனால் இங்கே உருவான இசையும் இருந்தது. வானொலி நிலையத்தில் உள்ளூர்ப் பாடகர்கள் பாடினார்கள், உள்ளூர்க்காரர்கள் எழுதினார்கள். 1963-ல் தொலைக்காட்சி வந்தபிறகு எட்டாம் ஒளிவழியில் சீன நிகழ்ச்சிகளுக்கு நடுவே தமிழுக்குக் கிடைத்த கொஞ்ச நேரத்திலும் உள்ளூர்ப் பாட்டு வந்தது. நாடகங்களுக்குத் தனியாகப் பாட்டுக் கட்டினார்கள். இவற்றில் இசைத்தட்டாக வந்தது மிகக் குறைவு. கடையில் வாங்கக் கிடைத்த பாட்டு வீட்டில் தங்கியது. காற்றில் ஒருமுறை போன பாட்டு, கேட்டவர் ஞாபகத்தோடு நின்றுவிட்டது. அதனால்தான் ‘ஒண்ணுமே இல்லை’ என்று தோன்றுகிறது.

பிற்காலத்தில் நிலைமை மாறியது. இங்குள்ள பாடகர் ஷபீரின் ‘சிங்கை நாடு’ தேசிய தின மேடைக்குப் போனது. குறுந்தொகைப் பாடலை எடுத்து அவர் இசையமைத்த ‘யாயும்’ 2018-ல் தமிழ்நாட்டிலேயே ஓடு ஓடென்று ஓடியது. பாட்டு அங்கிருந்து இங்கே வரும் என்பது மட்டுமே வழி இல்லை என்று இப்போது சொல்லலாம்.

‘முன்னேறு வாலிபா’ ஏதோ எம்.ஜி.ஆர். படப் பாட்டாமே?

இல்லை. அது இந்த மண்ணின் பாட்டு. எழுதி இசையமைத்தவர் எஸ். ஜேசுதாசன். அறுபதுகளில் பிறந்த பாட்டு. ஆண்டுதோறும் ஆகஸ்டில் சீனப் பிள்ளைகளும் மலாய்ப் பிள்ளைகளும் தமிழில் பாடுகிற பாட்டு இது. கொள்கைப் பாட்டின் மெட்டும் மிடுக்கும் இருப்பதால் எம்.ஜி.ஆர். ஞாபகம் வருகிறது, அவ்வளவுதான். அடுத்தமுறை யாராவது படத்தின் பெயர் கேட்டால் ஜேசுதாசன் பெயரைச் சொல்லுங்கள்.

எங்க அப்பா காலத்துல இங்க பீட்டில்ஸ் மாதிரி பேண்டெல்லாம் இருந்துச்சுங்கிறாரு. உண்மையா, கதையா?

உண்மை. 1961 நவம்பரில் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவும் ஹேப்பி வோர்ல்டு அரங்கில் வாசித்தார்கள். அதைப் பார்த்துவிட்டு கிட்டார் பிடித்தவர்கள் ஏராளம். இங்குள்ள குவெஸ்ட்ஸ் குழுவின் ‘ஷாண்டி’ 1964-ல் உள்ளூர்த் தரவரிசையில் பீட்டில்ஸ் பாட்டையே முதலிடத்திலிருந்து இறக்கியது. அதில் பாடுவதற்கு ஒரு சொல்லும் கிடையாது, முழுக்க வாத்தியம்! அதே ஆண்டு மலாய்ப் பாடகர் எம். உஸ்மானின் ‘சுசானா’ வந்தது. மலாய் இளைஞர்களின் பாப் யே யே அலை கிளம்பியது. பீட்டில்ஸ் ‘யே யே’ என்று கூவியதிலிருந்து வந்த பெயர்.

இந்த அலை இறங்கியதற்குக் காரணங்கள் உண்டு. பிரிட்டிஷ் படை முகாம்களின் மன்றங்கள்தான் குழுக்களுக்குச் சோறு போட்ட இடங்கள். 1971 அக்டோபருக்குள் படைகள் போய்விட்டன. எழுபதுகளில் அரசாங்கம் ராக் இசையையும் நீள முடியையும் ஒரே கண்ணால் பார்த்தது. 1972-ல் லெட் செப்பெலின் குழு முடி நீளத்தால் இங்கே வாசிக்க முடியாமல் போன கதையை அப்பாவிடம் கேளுங்கள், அரைமணி நேரம் சொல்வார்.

சரி, அதுல தமிழாளுங்க எங்க இருந்தாங்க?

கேள்வி கேட்ட பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். நல்ல கேள்வி.

கடலுக்கு அந்தப் பக்கம் ஆலிகேட்ஸ் இருந்தார்கள். பினாங்கில் தொடங்கிய குழு. முன்னணியில் டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்ற தமிழ்ச் சகோதரர்கள். பாடியதோ மலாய்! அவர்களுக்கு மெட்டுப் போட்டவர்களில் ஒருவர் சிங்கப்பூரில் பிறந்த எம். நாசிர். லோகநாதன் 2007-ல் காலமானபோது மலாய்க்காரர்கள் அழுத அழுகையைப் பார்த்து நம்மில் பலருக்கு ‘இவர் நம்மாளா?’ என்று அப்போதுதான் தெரிந்தது. இது கொஞ்சம் வெட்கப்பட வேண்டிய விஷயம் என்பது என் எண்ணம்.

தமிழில் பாடியவர்கள் ‘பேண்டு’ என்று பெயர் வைத்துக்கொள்ளவில்லை, மெல்லிசைக் குழு என்றார்கள். கல்யாண வரவேற்பு, கோயில் விழா, பொங்கல் கலை இரவு இவைதாம் அவர்கள் மேடை. படை முகாம் போனதால் ஆங்கிலக் குழுக்கள் பட்ட அடி இவர்களை அந்த அளவுக்குத் தொடவில்லை என்பது என் கணிப்பு, கல்யாணம் நிற்கவில்லையே. ஆர்மோனியம், தபலா, அக்கார்டியன், பாங்கோஸ், பிறகு மின்கிட்டார், கடைசியில் எல்லாவற்றையும் விழுங்கிய கீபோர்டு. குறிப்புத் தாள் கிடையாது. இசைத்தட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காதாலேயே எடுப்பார்கள். இடையிசையில் ஒரு புல்லாங்குழல் இழை விட்டுப்போனால்கூட முன்வரிசையில் இருக்கும் மாமா ஒருவர் கண்டுபிடித்துவிடுவார்.

இந்தக் குழுக்கள் சொந்தப் பாட்டு அதிகம் செய்யவில்லை என்று குறை சொல்வார்கள். நான் அப்படிப் பார்ப்பதில்லை. பகலில் துறைமுகத்திலோ அலுவலகத்திலோ வேலை பார்த்துவிட்டு, நாற்பது வயலின் சேர்ந்து வாசித்த ஒரு பாட்டை ஏழு பேர் சேர்ந்து மேடையில் நிற்கவைத்தார்களே, அதற்கும் ஒரு வித்தை வேண்டும். அந்த வித்தையைப் பற்றி எழுத்தில் இருப்பது மிகக் குறைவு.

‘நினைத்தாலே இனிக்கும்’ல வர்ற பேண்டு நிஜமான சிங்கப்பூர்க் குழுவா?

கற்பனைக் குழு. 1979-ல் கே. பாலசந்தர் எடுத்த படம். கமல், ரஜினி இருவரும் இசைக்குழுக்காரர்களாக இங்கே வருவார்கள். இசை எம்.எஸ். விஸ்வநாதன், பாட்டு கண்ணதாசன். தெலுங்கிலும் கூடவே எடுத்தார்கள். சிங்கப்பூர்த் தெருக்களை அன்றிருந்தபடியே பார்க்க நல்ல படம்.

அதற்கு முந்தின ஆண்டு ‘ப்ரியா’ இங்கே படமானது. இளையராஜா இசை. தமிழ்ப் படப் பாட்டு ஸ்டீரியோவுக்கு வந்ததைப் பேசும்போது எல்லாரும் அந்தப் படத்தைத்தான் சொல்வார்கள். ‘அக்கரைச் சீமை’ என்று யேசுதாஸ் பாடுவது நம் ஊரைத்தான். அதைக் கூட்டத்தில் போட்டால் யாராவது ஒருவர் எழுந்து ‘அந்த இடம் இப்ப எம்ஆர்டி ஸ்டேஷன்’ என்பார். பாட்டு அத்தோடு நின்றுவிடும், பேச்சு தொடங்கிவிடும்.

அம்மா முணுமுணுக்கிற பாட்டு ஒண்ணு. ரெண்டு வரிதான் தெரியும், அதுவும் சரியா தெரியாது. எப்படித் தேடுறது?

முதலில் அந்த இரண்டு வரி பல்லவியா, சரணமா என்று பாருங்கள். பாட்டு எங்கும் பல்லவியின் முதல் வரியில்தான் பதிவாகியிருக்கும். மனத்தில் தங்குவதோ பல நேரம் சரணத்தின் நடு வரி. அம்மாவை அந்த வரியிலிருந்து பாடச் சொல்லி, நிறுத்தாமல் விடுங்கள். வாய் தானாகப் பல்லவிக்குத் திரும்பும். சொல் வராவிட்டாலும் மெட்டு திரும்பும். அந்த மெட்டைக் கைப்பேசியில் முனகிக் காட்டினால் தேடித்தரும் வசதி இப்போது இருக்கிறது. பிரபலமான பாட்டுக்குச் சரியாகச் சொல்லும், மற்றவற்றில் தடுமாறும்.

அடுத்து, பாட்டைச் சுற்றியிருந்ததைக் கேளுங்கள். எந்த வீட்டில் இருந்தபோது கேட்டீர்கள்? கம்பத்து (கிராமத்து) வீடா, வீவக அடுக்குமாடி வீடா? வானொலியா, திரையரங்கா? அப்போது நான் பிறந்திருந்தேனா? இப்படிக் கேட்டால் ஐந்தாறு ஆண்டு வட்டத்துக்குள் வந்துவிடலாம். குரலும் உதவும். ஜெமினி கணேசனுக்கு ஏ.எம். ராஜா பாடியது முந்தின காலம், பி.பி. ஸ்ரீநிவாஸ் பாடியது பிந்தினது. இசை ‘விஸ்வநாதன்-ராமமூர்த்தி’ என்று இருந்தால் அது 1965-க்குள்; அந்த ஆண்டு இருவரும் பிரிந்தார்கள். முப்பது ஆண்டு கழித்து ஒரே ஒரு படத்துக்குச் சேர்ந்தார்கள், அதை விட்டுவிடலாம்.

எல்லாம் தோற்றால் கூட்டத்துக்கு அம்மாவையே அழைத்து வாருங்கள். முன்வரிசையில் இருக்கும் அந்த மாமா கைப்பேசியைவிட வேகம்.

பாடினது டி.எம்.எஸ்.ஸே இல்லைன்னு சித்தப்பா அடம் பிடிக்கிறாரு. யார் சொல்றது சரி?

சித்தப்பா தடுமாறுவதில் நியாயம் இருக்கிறது. டி.எம். சௌந்தரராஜன் எம்.ஜி.ஆருக்கு ஒரு மாதிரியும் சிவாஜிக்கு வேறு மாதிரியும் குரலை மாற்றிப் பாடுவார். கண்ணை மூடிக் கேட்டாலே திரையில் யார் என்று தெரியும் அளவுக்கு. பக்திப் பாட்டில் இன்னொரு குரல். ஒரே ஆள்தான்.

பந்தயம் கட்டியிருந்தால் இசைத்தட்டின் நடுவட்டத்தையோ பாட்டுப் புத்தகத்தையோ பாருங்கள். இணையத்தில் யாரோ எழுதிய வரியைக் காட்டி எந்தச் சித்தப்பாவையும் ஒப்புக்கொள்ள வைக்க முடியாது. சில நேரம் அவர்தான் சரியாகவும் இருப்பார்.

யூட்யூப்ல கேட்டா வேற மாதிரி இருக்கே? வேகமா ஓடுது, நடுவுல ஒரு சரணம் காணோம்.

உங்கள் காது சரியாகத்தான் இருக்கிறது. நான்கு காரணங்களில் ஒன்றாக இருக்கும்.

78 சுழற்சி இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம்தான் பிடிக்கும். படத்தில் ஐந்து நிமிடம் வரும் பாட்டைத் தட்டுக்காகச் சுருக்குவார்கள், அல்லது பாகம் 1, பாகம் 2 என்று இரண்டு பக்கத்துக்கும் பிரிப்பார்கள். அதனால் படத்தில் இருக்கும் சரணம் தட்டில் இல்லாமல் போகும். சில பாட்டைத் தட்டுக்கென்றே மறுபடி பாடிப் பதிவு செய்தார்கள். அப்போது சங்கதிகளே மாறும். இரண்டாவது, வேகம். கேசட் நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். பழைய இயந்திரத்தில் ஓட்டிப் பதிவேற்றினால் அந்த வேகம் இருக்காது, சுருதியும் ஏறும் அல்லது இறங்கும். மூன்றாவது, வேண்டுமென்றே செய்வது: உரிமைக்காரரின் தானியங்கிக் கண்ணில் படாமலிருக்கக் கொஞ்சம் வேகத்தை ஏற்றிப் போடுகிறார்கள்.

நான்காவதுதான் எனக்கு எரிச்சல். ஒரே தடத்தில் பதிவான பழைய பாட்டைப் பிரித்து, எதிரொலி சேர்த்து, புதிதாகத் தாளம் தட்டி ‘தெளிவான ஒலி’ என்று போடுவது. சுசீலா அம்மா ஒலிவாங்கியின் பக்கத்தில் நின்று மெல்லப் பாடியதைக் குளியலறையில் பாடுவது போல ஆக்கிவிடுகிறார்கள். கரகரப்போடு இருக்கும் பதிவு கிடைத்தால் அதையே கேளுங்கள்.

தாத்தா வீட்டை ஒழிக்கிறோம். ஒரு பெட்டி நிறைய கேசட். எல்லாம் ஆன்லைன்ல இருக்கே, போட்டுடலாமா?

போடாதீர்கள், முதலில் இரண்டாகப் பிரியுங்கள். கடையில் வாங்கிய படப்பாட்டுக் கேசட் ஒரு பக்கம். கையெழுத்தில் ஏதாவது எழுதியிருப்பதும், ஒன்றுமே எழுதாததும் இன்னொரு பக்கம். முதல் குவியல் வேறு எங்காவது நிச்சயம் இருக்கும். இரண்டாவது குவியலில் வானொலியிலிருந்து பிடித்தது, கல்யாணத்தில் மெல்லிசைக் குழு வாசித்தது, ஊருக்கு அனுப்பப் பேசிப் பதிவு செய்தது எல்லாம் இருக்கலாம். மேலே இரண்டாம் கேள்வியில் காற்றோடு போனதாகச் சொன்ன பாட்டு எங்காவது மிச்சம் இருந்தால் இந்தக் குவியலில்தான் இருக்கும்.

ஓட்டும் முன் கேசட்டின் மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு சிறு தகடுகளையும் உடைத்துவிடுங்கள். தவறிப்போய்ப் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் அழியாது. நம் ஊர்க் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டைத் தாண்டியே இருக்கும், அதனால் நாடாவில் வெள்ளைப் பூஞ்சை பிடித்திருக்கும். அதை அப்படியே ஓட்டினால் இயந்திரத்தின் வழியாக அடுத்த கேசட்டுக்கும் போகும். பூஞ்சை தெரிந்தால் தனியே வையுங்கள், தெரிந்தவரிடம் கொடுங்கள். நாடாவை அழுத்திப் பிடிக்கும் சின்னப் பஞ்சு விழுந்திருந்தால் ஒலி மங்கலாகக் கேட்கும்; கேசட் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம், பஞ்சை மாற்றலாம். நல்ல கேசட்டை ஒருமுறை கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றி, பிறகு பதிவு செய்யுங்கள். எம்பி3 வேண்டாம். சுருக்காத வேவ் கோப்பாக எடுத்து வையுங்கள், இரைச்சலை நீக்குகிறேன் என்று மூலத்தில் கை வைக்காதீர்கள். அதைப் பிரதியில் செய்துகொள்ளலாம்.

இதையெல்லாம்விட முந்திச் செய்ய வேண்டியது ஒன்று. பாட்டி இருக்கும்போதே ஒவ்வொரு கேசட்டையும் கையில் கொடுத்து, ‘இது என்ன, யார் பாடுறது, எங்க?’ என்று கேட்டு எழுதிவிடுங்கள். ஒலியைப் பத்து ஆண்டு கழித்தும் எடுக்கலாம். யார் குரல் என்று சொல்லும் ஆளைப் பத்து ஆண்டு கழித்துத் தேட முடியாது.

78 தட்டு ஒண்ணு கிடைச்சது. புது ரெக்கார்டு பிளேயர்ல போடலாமா?

போட வேண்டாம். அந்தத் தட்டின் பள்ளம் அகலம். பிற்கால எல்பி இசைத்தட்டுக்கான மெல்லிய ஊசி அடியில் போய் உரசும். 78-க்கு என்று தனி ஊசி உண்டு, இயந்திரத்திலும் அந்த வேகம் இருக்க வேண்டும். துடைக்கும்போது ஆல்கஹால் கூடவே கூடாது, அது அரக்குத் தட்டு, கரைந்துவிடும். ஈரத்துணியில் மெல்லத் துடைத்து உடனே காயவிடுங்கள். கீழே விழுந்தால் உடையும் என்பதைப் பாட்டியிடம் கேட்டால் தெரியும்.

இதெல்லாம் எங்க போய்த் தேடுறது? சுங்கை ரோடும் இல்லையே இப்ப.

சுங்கை ரோடு பழைய பொருள் சந்தை 2017 ஜூலையில் மூடப்பட்டது. அதோடு போன இசைத்தட்டுகளை நினைத்தால் மனசு ஆறாது. ஒலிக் கருவிகளுக்கு அடெல்பி கட்டடம் இன்னும் பேர் பெற்ற இடம், விலையும் அப்படியே.

விவரம் தேட மூன்று இடம். முதலாவது, தேசிய நூலகத்தின் மின்னிலக்க நாளிதழ்த் தொகுப்பு. 1935-ல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களை அதில் பார்க்கலாம். செய்தியைவிட விளம்பரத்தைப் பாருங்கள்: கலை இரவு, நுழைவுச்சீட்டு விலை, பாடுபவர்கள் பெயர், பின்னணி எந்தக் குழு, எல்லாம் ஒரு சதுரத்துக்குள் இருக்கும். இரண்டாவது, கலைகளுக்கான பொது நூலகம். மூன்றாவது, தேசிய ஆவணக் காப்பகம். 1979-ல் தொடங்கிய வாய்மொழி வரலாற்றுப் பேட்டிகள் அங்கே உண்டு, தமிழிலும் உண்டு. வானொலிக்காரர், நாடகக்காரர் பேசும் பேட்டியில் குழுக்களின் பெயர்கள் போகிற போக்கில் வந்து விழும்.

கேட்பதற்கு மட்டும் என்றால் ஒலி 96.8 வானொலி இருக்கிறது. நிகழ்ச்சி படைப்பவருக்கு எழுதிக் கேட்டால் பழைய பாட்டைப் போடத் தயங்க மாட்டார்கள்.

இந்த மலாய்ப் பாட்டு நம்ம பாட்டு மெட்டாச்சே! யார் யார்கிட்ட இருந்து எடுத்தா?

சூடான கேள்வி, பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும். ஜாலான் அம்பாஸ் படநிலையத்தில் ஷா சகோதரர்கள் எடுத்த மலாய்ப் படங்களுக்கு இயக்குநர்களாக இந்தியாவிலிருந்து பலர் வந்தார்கள். மலாய்த் திரை நட்சத்திரம் பி. ராம்லியை 1950-ல் ‘பக்தி’ படத்தில் கதாநாயகனாக இயக்கிய எல். கிருஷ்ணன் தமிழர். அப்படி ஒரே கூடத்தில் வேலை பார்த்தவர்களுக்கு நடுவே மெட்டும் தாளமும் கைமாறாமல் இருக்குமா?

ஆனாலும் ‘நம்மகிட்ட இருந்து எடுத்தாங்க’ என்று முடிவு கட்டும் முன் இரண்டு பாட்டின் ஆண்டையும் பாருங்கள். இரண்டுமே மூன்றாவது ஒன்றிலிருந்து வந்திருக்கலாம். இந்திப் பாட்டு, லத்தீன் தாளம், எகிப்தியப் படப்பாட்டு எல்லாம் ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் போய்க்கொண்டிருந்தன. தைவான் பாடகி தெரேசா தெங் பாடிய ‘தியான் மீ மீ’யைச் சீனர்கள் தங்கள் பாட்டு என்பார்கள், அதன் மெட்டு ‘டாயோங் சம்பான்’ என்ற இந்தோனேசியப் பாட்டு. நம் பக்கமும் கடன் கணக்கு சின்னதில்லை.

பொங்கல் விழாவுல பழைய பாட்டு பாடணும். உரிமை வாங்கணுமா? அவங்கதான் இறந்துட்டாங்களே.

இறந்தால் உரிமை முடியாது. சிங்கப்பூர்ச் சட்டப்படி எழுதியவர், இசையமைத்தவர் உரிமை அவர் காலமாகி 70 ஆண்டு வரை இருக்கும். கண்ணதாசன் 1981-ல் காலமானார், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பாரதியார் 1921-ல் மறைந்தார், அவர் வரிகளுக்குத் தடையில்லை. ஆனால் ஒரு படத்துக்காக அதற்குப் போட்ட மெட்டு வேறு ஒருவருடையது. பதிவான ஒலிக்குத் தனி உரிமை. மேடையில் நீங்களே பாடுவதும், பதிவை ஒலிபெருக்கியில் போடுவதும் ஒன்றல்ல.

பொது நிகழ்ச்சிக்கு அனுமதி தருவது 1987-ல் அமைந்த காம்பஸ் அமைப்பு. மன்றத்திலோ மண்டபத்திலோ விழா என்றால் இடத்துக்காரர்களிடம் ஏற்கெனவே உரிமம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். நிகழ்ச்சியை இணையத்திலும் ஏற்றப்போகிறீர்கள் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள், அதற்கு வேறு கணக்கு.

ரீமிக்ஸ் கேட்டா பெரியவங்க திட்டுறாங்க. தப்பா?

தப்பில்லை. இளையராஜா 1980-ல் ‘நிழல்கள்’ படத்துக்குப் போட்ட ‘மடை திறந்து’ பாட்டை, மலேசியாவின் யோகி பி-யும் நட்சத்திராவும் 2006-ல் தங்கள் ராப்போடு கொண்டுவந்தார்கள். அதன் வழியாகத்தான் மூலத்துக்குப் போனேன் என்று சொல்லும் இளைஞர்கள் எங்கள் கூட்டத்தில் உண்டு. அவர்கள் சொல்ல வந்தது அவர்களுடைய சொந்தக் கதை. மூலத்தை மறைக்கவும் இல்லை. எனக்கு எரிச்சல் தருவது எது என்று யூட்யூப் கேள்வியில் சொல்லிவிட்டேன்: புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லாமல் பழையதைக் குழப்பி, பழையது என்ற பெயரிலேயே விற்பது.

உண்மையைச் சொல்லுங்க, அந்தக் காலப் பாட்டுதான் உசத்தியா?

உசத்தியான பாட்டுதான் இன்றுவரை வந்து சேர்ந்திருக்கிறது. ஓடாத படத்தின் ஆறு பாட்டில் ஐந்தை யாரும் மறுபடி போடவே இல்லை; தமிழ் முரசின் பழைய விளம்பரங்களில் படப் பெயர்களைப் படித்துப் பாருங்கள், பாதிக்கு ஒரு பாட்டும் ஞாபகம் வராது. அதோடு, பதின்ம வயதிலும் இருபதுகளிலும் கேட்ட பாட்டு மற்றவற்றைவிட ஆழமாகப் பதியும் என்று உளவியலாளர்களும் சொல்கிறார்கள். உங்கள் பேரனும் ஒருநாள் இதையே சொல்வான், அவனுடைய பாட்டைப் பற்றி.

இதை எங்கள் கூட்டத்தில் சொன்னால் டீ கிடைக்காது, அதனால் இங்கே எழுதுகிறேன். வரிகளின் தமிழ் அன்று நன்றாகக் காதில் விழுந்தது, அதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

எங்க பெரியப்பா ஒரு குழுவுல அக்கார்டியன் வாசிச்சாராம். கேட்டா ‘அதெல்லாம் இப்ப எதுக்கு’ங்கிறாரு. எப்படிப் பேச வைக்கிறது?

‘உங்க அனுபவத்தைச் சொல்லுங்க பெரியப்பா’ என்று கேட்டால் அப்படித்தான் சொல்வார். பொருளைக் கையில் கொடுங்கள். பழைய புகைப்படம், அழைப்பிதழ், அவருடைய பெயர் வந்த விளம்பரத்தின் அச்சுப்பிரதி. பிறகு சின்னக் கேள்வியாகக் கேளுங்கள். அக்கார்டியன் பெட்டி யாருடையது? ஒலிபெருக்கியை வாடகைக்கு எடுத்தீர்களா, எவ்வளவு வெள்ளி? வண்டி யார் ஓட்டியது? பயிற்சி யார் வீட்டில், பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் போடவில்லையா? எந்தப் பாட்டைக் கேட்டால் பயம்? கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லாத வாத்தியக்காரரை நான் பார்த்ததில்லை.

குழுவில் வேறு யார் இருந்தார்கள் என்று கேட்டு, அவர்களில் ஒருவரைக் கூட அழைத்து வந்து உட்காரவையுங்கள். ஒருவர் தப்பாகச் சொன்னால் மற்றவர் திருத்துவார், அதில்தான் ஆண்டும் இடமும் சரியாகும். கைப்பேசியை மேசையில் வைத்துப் பதிவு செய்யுங்கள், ஆனால் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். பிறகு காப்பகத்துக்குக் கொடுக்கலாமா என்பதையும் அன்றே கேட்டு அவர் கையால் எழுதி வாங்கிவிடுங்கள். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது ‘பெரியப்பா 2’ என்று வைக்காமல் அவருடைய முழுப்பெயர், வாத்தியம், குழுவின் பெயர், பேசிய தேதி நான்கையும் சேர்த்து வையுங்கள்.